குழாயைப் பெரிதாக்கினால் தெருவில் நீர் நிற்பது தீருமா?

ஜூன் 4, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

எங்கள் குடியிருப்பின் பரப்பு ஏறத்தாழ 8 ஹெக்டேர். மேட்டிலிருந்து மூன்று தெருக்கள் இறங்கிவந்து ஒரு தாழ்வான தெருவில் சேர்கின்றன. பலத்த மழை பெய்தால் அந்தத் தெருவில் முழங்கால் அளவுக்கு நீர் நிற்கிறது. தெருவின் அடியில் 45 செ.மீ. குழாய் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 60 செ.மீ. குழாய் பதிப்பதென்று குடியிருப்போர் குழு முடிவு செய்து, பணம் திரட்டவும் தொடங்கிவிட்டது. தெருக் கோடியில் பிரதான சாலையைக் கடக்கும் குழாய் வேறொரு துறையின் பொறுப்பில் இருப்பதால் அதில் மட்டும் கை வைக்க முடியாது. இந்த வேலை முடிந்தால் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

ஜூன் 4, இரவு

தீராது என்றே நினைக்கிறேன். கோடியில் சாலையைக் கடக்கும் குழாயின் விட்டம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. கேள்வியின் விடை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பணம் திரட்டுவதைச் சற்று நிறுத்திவைத்து முதலில் அதை அளந்து எழுதுங்கள்.

ஜூன் 5

கோடிக் குழாயும் 45 செ.மீ.தான் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

மழைநீரின் உச்ச ஓட்டத்தை மதிப்பிட இன்றும் உலகெங்கும் பயன்படும் எளிய முறையை அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி 1851-இல் முன்வைத்தார். 1889-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் எமில் குயிக்லிங் அதை நகர வடிகால்களுக்குப் பொருத்திக் காட்டினார். பரப்பை ஹெக்டேரிலும், மழையின் வேகத்தை மணிக்கு இத்தனை மி.மீ. என்றும் எடுத்துக்கொண்டு, பெய்த நீரில் எத்தனை பங்கு மண்ணுக்குள் இறங்காமல் ஓடுகிறது என்ற விகிதத்தையும் சேர்த்துப் பெருக்கி, 360-ஆல் வகுத்தால், விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வரும் என்பது கிடைத்துவிடும். உங்கள் குடியிருப்பு 8 ஹெக்டேர். மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் மழை பெய்கிறது. வீடுகளும் தோட்டங்களும் கலந்த இடம் என்பதால் ஓடும் பங்கு 0.4 என்று கொள்வோம். விடை 0.44, அதாவது விநாடிக்கு 440 லிட்டர்.

இனி குழாயைப் பார்ப்போம். 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம் உள்ள 45 செ.மீ. கான்கிரீட் குழாய் முழுவதும் நிறைந்து ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ 200 லிட்டரைக் கடத்தும். அதே வாட்டத்தில் 60 செ.மீ. குழாய் 430 லிட்டர் வரை கடத்தும். விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் ஓட்டம் இரு மடங்குக்கு மேல் உயர்கிறது. பெரிய குழாயின் மீது எல்லாருக்கும் நம்பிக்கை வருவதற்கு இதுதான் காரணம். அந்த நம்பிக்கையில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த 430 லிட்டரும் தெருக் கோடியை அடைந்தவுடன் மீண்டும் 200 லிட்டர் வாய்க்குள் நுழைய வேண்டியிருக்கிறது. நுழைய முடியாத நீர் அங்கே தேங்கும், பின்னோக்கி ஏறும், தாழ்வான தெருவையே மறுபடியும் நிரப்பும். அத்தனை செலவுக்குப் பிறகும் நீர் நிற்கும் இடம் சில மீட்டர் தள்ளிப் போயிருக்கும். முன்பைவிட வேகமாகவும் வந்து நிற்கும்.

ஜூன் 5, சற்றுப் பின்

மேலே ஓடும் பங்கு 0.4 என்று எடுத்துக்கொண்டது இன்றைய நிலைமைக்குத்தான். வீட்டு முற்றங்களையெல்லாம் சிமென்ட் போட்டு மூடி, காலி மனைகளிலும் வீடுகள் வந்துவிட்டால் அந்தப் பங்கு 0.7 வரை போகும். அப்போது வரும் நீர் விநாடிக்கு 780 லிட்டர். 60 செ.மீ. குழாய் இன்றைய மழைக்கே சரிக்குச் சரியாக இருக்கிறது. நாளைய முற்றங்களுக்கு அது போதவே போதாது. குழாயின் விட்டத்தைப் பற்றி விவாதிக்கும் குழு, முற்றங்களைப் பற்றி ஒரு வரியாவது தீர்மானத்தில் எழுதியதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 7

குழாயில் வாட்டத்தைக் கூட்டினால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓட்டம் வாட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே உயரும். வாட்டத்தை நான்கு மடங்காக்கினால்தான் ஓட்டம் இரு மடங்காகும். தாழ்வான தெருவில் நான்கு மடங்கு வாட்டம் கிடைக்க வேண்டுமானால் கோடி முனையை மிக ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்டிய குழாய் சாலையைக் கடக்கும் பழைய குழாய்க்குக் கீழே போய்விடும். இது தாளில் மட்டுமே வேலை செய்யும் யோசனை.

ஜூன் 8

கணக்குகளை ஒருபுறம் வைத்துவிட்டு, நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். சிறிய குடியிருப்புக்கு ஒரு பெரும் வசதி உண்டு. பெருநகரங்களுக்கு அது கிடைக்காது. நீர் எங்கே விழுகிறது, எந்த வழியில் ஓடுகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதை முழுவதும் ஒருவரே ஒரு மழை நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம். மழை விட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. பெய்துகொண்டிருக்கும்போதே குடையுடன் இறங்கி, மேட்டின் உச்சியிலிருந்து கோடிக் குழாய்வரை நடந்து, எந்தத் திருப்பத்தில் நீர் சாலையின் மறுபக்கத்துக்குத் தாவுகிறது, எந்த வீட்டு வாசலில் பிரிகிறது, எந்த வடிகால் வாயைத் தொடாமலே கடந்துபோகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் பராமரிப்புக் குழுவில் இருந்த குடியிருப்பிலும் குழாய் சிறியது என்ற பேச்சுதான் நெடுங்காலம் இருந்தது. மழையில் நடந்தபோது கண்டது வேறு. வடிகால் வாயின் இரும்புக் கம்பித் தட்டின்மேல் முதலில் அகலமான ஓர் இலை வந்து படிந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டது. இரண்டின் விளிம்புகளிலும் சருகும் மணலும் சேர்ந்து, சற்று நேரத்தில் தட்டு முழுவதையும் பாய் விரித்ததுபோல் மூடிவிட்டன; பிறகு வந்த நீரெல்லாம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு தெருவிலேயே ஓடியது. பணியாளர் ஒருவர் ஆள்நுழை குழியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டியபோது, உள்ளே குழாயில் பாதியளவுகூட நீர் இல்லை. தெருவில் வெள்ளம் நிற்க, அதற்கு நேர் கீழே குழாய் காலியாக இருந்தது.

அந்த இடத்தில் செய்யப்பட்ட வேலை மிக எளியது. தரையில் படுத்திருந்த தட்டுக்குப் பதிலாக, நடைபாதையின் பக்கச் சுவரில் நீளவாக்கில் திறந்த வாய் ஒன்றை அமைத்தார்கள். மேட்டுப் பக்கத்தில் இன்னொரு வாயையும் திறந்து, பாதி நீரை முன்னதாகவே உள்ளே வாங்கினார்கள். குழாயை யாரும் தொடவில்லை.

ஜூன் 9

நேற்று எழுதியதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்திருக்க வேண்டும். ஓடும் நீர் 15 செ.மீ. ஆழத்திலேயே வளர்ந்த ஒருவரின் காலை வாரிவிடும், 30 செ.மீ. ஆழத்தில் சிறிய காரை நகர்த்திவிடும். நடந்து பார்ப்பது என்றால் சாதாரண மழையில், கரையோரமாக, துணைக்கு ஒருவருடன் நடப்பது என்று பொருள். ஆள்நுழை குழியின் மூடியை மழையில் திறப்பதைப் பழக்கமுள்ள பணியாளருக்கே விட்டுவிட வேண்டும். கலங்கிய நீரில் திறந்த குழி கண்ணுக்குத் தெரியாது.

மழையில் இறங்க முடியாதவர்கள், மழை விட்டதும் சுவர்களில் தெரியும் நீர்க்கோட்டைப் பாருங்கள். காயும் முன் அதைச் சுண்ணக்கட்டியால் குறித்து, ஒவ்வொரு குறியின் உயரத்தையும் ஒரே மட்டத்திலிருந்து அளந்தால், நீர் எந்தப் பக்கம் சரிந்து நின்றது என்பது தெளிவாகிவிடும். நீளமான ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் முறையே இதற்குப் போதும்.

ஜூன் 12

ஒவ்வொரு வீட்டுக்கும் 200 லிட்டர் பீப்பாய் ஒன்று கொடுத்துக் கூரை நீரைப் பிடித்தால் வெள்ளமே வராது என்று இங்கே ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன், ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 2 மி.மீ. மழை பெய்ததுமே 200 லிட்டர் பீப்பாய் நிறைந்துவிடும். 25 மி.மீ. மழைக்கு அதே கூரை 2,500 லிட்டரைத் தரும். வெள்ளம் வரும் வேளையில் பீப்பாய்கள் எல்லாம் நெடுநேரத்துக்கு முன்பே நிறைந்து வழிந்துகொண்டிருக்கும்.

பீப்பாய் வீண் என்று சொல்லவில்லை. செடிக்கு ஊற்றவும் கழுவவும் அது உதவும். அந்த அளவுக்குக் குடிநீர் மிஞ்சும். வெள்ளத்தைத் தடுக்கும் பொறுப்பை மட்டும் அதன் தலையில் வைக்கக் கூடாது. கூரை நீரைக் கொண்டு வெள்ளத்தைக் குறைக்க வேண்டுமானால், கூரையிலிருந்து இறங்கும் குழாயைத் தெரு வடிகாலோடு நேரே இணைத்திருக்கும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். அந்த நீர் வீட்டுத் தோட்டத்தின் புல்மீது சில மீட்டர் தூரம் பரவி ஓடட்டும். இறங்குவது இறங்கியது போக எஞ்சியது மட்டும் தெருவுக்கு வரட்டும். இதற்குப் பீப்பாயின் விலைகூட ஆகாது.

ஜூன் 15

மண்ணுக்குள் இறக்குவதைப் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: மண் எப்படிப்பட்டது என்று தெரியாமல் எந்த ஊறுகுழியையும் தோண்டக் கூடாது. மணற்பாங்கான நிலத்தில் மணிக்குப் பல செ.மீ. நீர் இறங்கும், இறுகிய களிமண்ணில் சில மி.மீ.கூட இறங்காமல் நிற்கும். சோதித்துப் பார்ப்பது கடினமில்லை. குழி அமையப்போகும் ஆழத்திலேயே முழங்கை நீளத்துக்கு ஒரு சிறு பள்ளம் எடுத்து, நீர் நிரப்பி, முழுவதும் வடிய விடுங்கள். முதல் முறை நீர் வேகமாக இறங்கும், ஏனெனில் காய்ந்த மண் குடிக்கிறது. மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மழை நாளில் மண் ஏற்கெனவே நனைந்திருக்கும் என்பதால் இந்த இரண்டாம் அளவுதான் உண்மை. 30 செ.மீ. நீர் மணிக்கு ஒரு செ.மீ. வீதம் இறங்கினால் வடிந்து முடிக்க 30 மணி நேரம் ஆகும், அதுகூட ஏற்கத்தக்கதுதான். அதைவிட மெதுவானால், ஊறவைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, தாமதப்படுத்தி அனுப்பும் வழியைத் தேடுவது நல்லது.

கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளியே ஊறுகுழி இருக்க வேண்டும். குழியின் அடிமட்டத்துக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் ஒரு மீட்டர் மண்ணாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தெரு எண்ணெயும் அழுக்கும் வடிகட்டப்படாமல் நேரே நிலத்தடி நீரில் கலந்துவிடும். கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் குழி வெட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஜூன் 16

தேங்கும் நீரில் கொசு வரும் என்ற அச்சம் நியாயமானது. அதை ஒதுக்கித் தள்ளுவது தவறு. கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட வெப்பமான இடத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் தேவை. ஆகவே மழை விட்ட மூன்று நாட்களுக்குள் முழுவதும் வடிந்துவிடும் பள்ளத்தில் கொசு வளர முடியாது. எந்தப் பள்ளமும் 72 மணி நேரத்தில் காய வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் விதி வைத்திருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. கொசு உண்மையில் பெருகுவது வண்டல் பிடிக்கும் தொட்டிகளின் அடியிலும், வாட்டம் கெட்டு நடுவில் தாழ்ந்துபோன மூடிய குழாய்களிலும்தான். அவை யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால் யாரும் அவற்றைக் குறை சொல்வதுமில்லை.

ஜூன் 21

சாலையோரப் புல்வாய்க்கால் பற்றி நீண்ட கேள்வி ஒன்று வந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி என்ற பகுதியில் 1990-களில் வீட்டுமனைகள் தோறும் மழைத் தோட்டங்களை அமைத்துப் பார்த்த பிறகே இந்த முறை பரவலாக அறியப்பட்டது. தரையைச் சற்றுப் பள்ளமாக்கி, நீர் இறங்கும் மண்கலவையை இட்டு, வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்கும் செடிகளை நடுவதுதான் அதன் சாரம்.

நான் கண்ட இடங்களில் இவை தோற்றுப்போனது பெரும்பாலும் ஒரே காரணத்தால். சாலை விளிம்புக் கல்லில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டி நீரை உள்ளே விடுகிறார்கள். முதல் ஆண்டு நீர் நன்றாக நுழைகிறது. நுழையும் இடத்தில் நீரின் வேகம் சட்டென்று குறைவதால், அது சுமந்துவரும் மணல் அந்த வாயிலிலேயே விழுகிறது. அந்த மணலில் புல் முளைக்கிறது; புல் மேலும் மணலைப் பிடிக்கிறது. இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு சிறு வரப்பு எழுந்துவிட்டால் போதும், சாலையில் வரும் நீர் உள்ளே திரும்பாமல் நேரே கீழே போய்விடுகிறது. உள்ளே பள்ளம் பசுமையாக இருக்கும், செடிகள் அழகாக இருக்கும், ஆனால் ஒரு சொட்டு வெள்ளமும் குறையாது. வெயில் நாளில் பார்ப்பவருக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது.

இதற்குத் தீர்வு அமைக்கும்போதே இருக்கிறது. உள்ளே விழும் தளம் சாலை விளிம்பைவிட ஐந்து செ.மீ.யாவது தாழ்வாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் புல் நடாமல் கல் பாவி, மண்வெட்டியால் ஒரே இழுப்பில் வண்டலை அள்ளும்படி விட வேண்டும். புல்வாய்க்கால் செங்குத்தான சரிவில் இருந்தால் குறுக்கே சிறு கல்தடுப்புகளை வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெருமழையில் வாய்க்கால் ஓடையாக அரித்துவிடும்.

ஜூன் 22

பசுமை வழி நல்லதா, குழாய் வழி நல்லதா என்று கட்சி பிரிந்து வாதிடுவதால் பயனில்லை. ஸ்வீடனின் மால்மோ நகரில் அகுஸ்டன்போர்க் என்ற பழைய குடியிருப்பில் 1998 முதல் திறந்த வாய்க்கால்களும் குளங்களும் பசுங்கூரைகளும் அமைத்தார்கள். 2014 ஆகஸ்ட் 31-ஆம் நாள் மால்மோவில் கொட்டித் தீர்த்த பெருமழையில், குழாய்களை மட்டும் நம்பியிருந்த அக்கம்பக்கப் பகுதிகளைவிட அங்கே சேதம் மிகக் குறைவாக இருந்தது. அங்கும் வாய்க்கால்களும் குளங்களும் நிறைந்த பின் மிஞ்சும் நீர் கடைசியில் குழாய்க்குத்தான் போகிறது.

ஜூன் 29

குழுவிடம் இதையெல்லாம் சொன்னால், உங்களால் என்ன கட்ட முடியும் என்று திருப்பிக் கேட்கிறார்கள் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். உங்கள் கணக்கிலிருந்தே ஒரு வழியைச் சொல்கிறேன். விநாடிக்கு 440 லிட்டர் வருகிறது, 200 லிட்டர் வெளியேறுகிறது, 240 லிட்டர் தங்குகிறது. உச்ச மழை கால் மணி நேரம் நீடிப்பதாகக் கொண்டால் தங்கும் நீர் ஏறக்குறைய 220 கன மீட்டர். 20 மீட்டருக்கு 22 மீட்டர் அளவுள்ள விளையாட்டுத் திடலை அரை மீட்டர் தாழ்த்தினால் அந்த நீர் முழுவதையும் அதில் நிறுத்திவிடலாம். மழை இல்லாத நாட்களில் அது திடலாகவே இருக்கும். மழை விட்ட சில மணி நேரத்தில் சிறிய துவாரம் ஒன்றின் வழியாக நீர் மெதுவாக வடிந்துவிடும். பக்கங்களை மெல்லிய சரிவாக அமைத்தால் யாரும் ஏறி வெளியே வர முடியும்.

இது தோராயமான கணக்குதான். மழையின் ஏற்ற இறக்கத்தை முழுவதும் வைத்து ஒரு பொறியாளர் மறுபடி கணக்கிட வேண்டும். ஆனால் பேச்சைத் தொடங்க இது போதும். திடல் தாழ்வான தெருவுக்கு மேட்டுப் பக்கத்தில் இருந்தால் குழாய் மாற்றும் வேலையே தேவைப்படாமலும் போகலாம்.

இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். துவாரத்தின் முன்னால் சருகு தடுக்கும் கம்பிக்கூடு அகலமாக இருக்க வேண்டும். துவாரம் அடைத்துப்போனாலோ, கணக்கை மீறி மழை பெய்தாலோ நீர் எந்த வழியாக வழிய வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்து, கரையின் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல் பதித்துக் கலுங்காக விட வேண்டும். கலுங்கு இல்லாத கரை தனக்கு வசதியான இடத்தில் உடைத்துக்கொள்ளும், பெரும்பாலும் அது யாருடைய வீட்டுக்கோ நேராக இருக்கும்.

ஜூலை 6

திடலைப் பற்றி மேலும் யோசித்ததில், ஒன்றைச் சேர்க்காமல் விடுவது பொறுப்பாகாது. நீரைத் தாமதப்படுத்துவது எல்லா இடத்திலும் நன்மை தருவதில்லை. ஓர் ஓடையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் குடியிருப்பு தன் நீரைப் பிடித்துவைத்து ஒரு மணி நேரம் கழித்து விட்டால், மேலே வெகு தூரத்திலிருந்து வரும் வெள்ளத்தின் உச்சமும் அதே நேரத்தில் வந்து சேர்ந்துவிடக் கூடும். அப்போது ஓடையில் நீர்மட்டம் முன்பைவிட உயரும். அத்தகைய இடத்தில் தன் நீரை முன்னதாகவே வெளியேற்றிவிடுவதே நல்லது. உங்கள் கோடிக் குழாய்க்கு அப்பால் நீர் எங்கே போகிறது, அங்கே வெள்ளம் எப்போது உச்சம் அடைகிறது என்பதை அங்கு வசிப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துக் குடியிருப்போடு இந்தப் பேச்சு நடந்தே ஆக வேண்டும். நம் வாசலைக் கடந்த நீர் நம் பொறுப்பல்ல என்று சொல்லும் குழுக்களைக் கண்டு எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவர்களுக்கு மேட்டில் இருப்பவர்களும் அதையே சொல்கிறார்கள்.

ஜூலை 7

பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிவமைத்தால், ஒருமுறை வந்துவிட்ட பின் பத்தாண்டு நிம்மதியாக இருக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். இருக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் அந்த மழை வர பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் வரலாம். 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது வர 96 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது; நூறாண்டு மழைகூட அதே 30 ஆண்டுகளில் வர 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதனால்தான் வழியும் பாதையைப் பற்றி மேலே அவ்வளவு வற்புறுத்தினேன்.

ஜூலை 13

பணத்தைப் பற்றி. கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும். தூர் வாருவதற்குக் கிடைக்காது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரம் 1974-இல் மழைநீருக்கென்று தனிக் கட்டணம் விதிக்கும் முறையைத் தொடங்கியது. இத்தகைய கட்டணங்கள் இன்று பல ஊர்களில் நீர் இறங்காத பரப்பின் அடிப்படையில் கணக்கிடப்படுகின்றன. கூரையும் சிமென்ட் முற்றமும் அதிகமாக உள்ளவர் அதிகம் தருகிறார். தோட்டம் வைத்திருப்பவர் குறைவாகத் தருகிறார். நியாயமான முறை இது. முற்றத்தை மூடும் முன் ஒருவரை யோசிக்கவும் வைக்கிறது.

அந்நாட்டின் மழைநீர் விதிகள் 1990-இல் ஒரு லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கு வந்தன. 1999-இல் நகரப்பகுதிகளிலுள்ள சிறிய ஊர்களுக்கும் விரிந்தன. சிறிய ஊர்களிடம் கேட்கப்பட்ட ஆறு பணிகளை நான் ஆர்வத்துடன் படித்தேன்: மக்களுக்கு அறிவுறுத்துதல், மக்களைச் சேர்த்துக்கொள்ளுதல், வடிகாலில் கழிவுநீர் கலப்பதைக் கண்டுபிடித்து நிறுத்துதல், கட்டுமான இடத்து மண் கரைந்து வராமல் தடுத்தல், கட்டி முடித்த பின் நீரைக் கையாளுதல், ஊராட்சியே தன் வேலைகளில் தூய்மையைக் கடைப்பிடித்தல். இவற்றில் பெரும்பாலானவை பெருக்குவதும் பார்ப்பதும் கேட்பதும்தான். ஒரு பொறியாளரைக்கூட வேலைக்கு வைக்க முடியாத ஊராலும் இவற்றைச் செய்ய முடியும்.

ஜூலை 14

கழிவுநீர் கலப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவருக்கு: மழையே இல்லாத நாட்கள் சில கடந்த பின் கோடிக் குழாயின் வாயைப் போய்ப் பாருங்கள். அப்போதும் நீர் ஓடினால் அது எங்கிருந்தோ வருகிறது. சோப்பு நுரையும் நாற்றமும் இருந்தால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. தெளிந்த நீராக இருந்தால் ஊற்றாகவோ உடைந்த குடிநீர்க் குழாயாகவோ இருக்கலாம். ஒவ்வொரு ஆள்நுழை குழியாக மேட்டை நோக்கிப் போனால், எந்த இரண்டு குழிகளுக்கு இடையில் அது நுழைகிறது என்பது தெரிந்துவிடும்.

ஜூலை 20

குழு திடலைத் தாழ்த்தும் யோசனையை ஏற்று, அளவெடுக்க ஆள் அழைத்திருப்பதாகத் தகவல் வந்தது. மகிழ்ச்சி. வேலை தொடங்கும் முன் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவற்றை இங்கேயே குறித்துவிடுகிறேன்.

திடலின் அடியில் கனரக இயந்திரங்கள் ஓடக் கூடாது. ஓடினால் மண் இறுகி, சோதனையில் கண்ட ஊடுருவல் பாதியாகக்கூட மிஞ்சாது. ஓரத்தில் நின்றபடியே தோண்ட வேண்டும். மேட்டில் வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தால், அது முடிந்து மண்மீது புல் பிடிக்கும்வரை அந்த நீரைத் திடலுக்குள் விடக் கூடாது. ஒரே மழையில் கரைந்து வரும் சேறு துளைகளையெல்லாம் அடைத்துவிடும். துவாரத்திலிருந்து கோடிக் குழாய்வரை பதிக்கும் சிறு குழாயின் மட்டத்தை, குழியை மூடும் முன் குழு உறுப்பினர் ஒருவர் உடனிருந்து ஒவ்வொரு இணைப்பிலும் பார்க்க வேண்டும். நான் கண்ட ஓர் இடத்தில் குழாய் பின்வாட்டமாகப் பதிக்கப்பட்டது, மேலே சாலை போட்டு முடித்த பிறகுதான் வெளிவந்தது; அதைத் திருத்த யாரும் பணம் தரவில்லை. ஆகவே மட்டம் சரிபார்க்கப்பட்ட பிறகே கடைசித் தவணை என்று எழுதுங்கள். கட்டி முடித்ததும் முதல் பெருமழையின்போது ஒப்பந்தக்காரர் நேரில் வந்து, நீர் நுழைவதையும் நிற்பதையும் வடிவதையும் குழுவோடு நின்று பார்க்க வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.